மாடு படாத சட்டி

றஹீமா டீச்சரின் குசினியில் ஒரு சட்டிக்கு மட்டும் பெயர் இருந்தது. மற்றதெல்லாம் பெரிய சட்டி, மீன் சட்டி, மூக்கு உடைந்த கேத்தல் என்று கிடக்க, மேல்தட்டில் துணி போட்டு மூடியிருந்த அந்த அகன்ற அலுமினியச் சட்டியை வீட்டில் எல்லோரும் ‘சிவரூபினிட சட்டி’ என்றுதான் சொல்வார்கள். அது சிவரூபினிக்குச் சொந்தமானதல்ல. வாங்கிவந்தவர் றஹீமாவின் கணவர் மசூர். காரைதீவிலிருந்து சிவரூபினியும் அவள் புருசன் குணமும் சாப்பிட வரும் நாட்களில் கோழியோ மீனோ அதில்தான் வேகும். மாட்டிறைச்சி அதில் ஒருநாளும் பட்டதில்லை. அதற்கென்று தனி அகப்பை, தனிப் பிடித்துணி. வேலைக்கு வந்த பெண் ஒருத்தி தெரியாத்தனமாக அதை எடுத்து மாட்டுக் குடல் கழுவப் போனதற்கு, கோபமே வராத றஹீமா அன்று போட்ட சத்தம் சாய்ந்தமருதிலிருந்து மாளிகைக்காடு வரைக்கும் கேட்டதாக மசூர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

சிவரூபினி வீட்டிலும் இதே நியதிதான். றஹீமா வருகிறாள் என்றால் குணம் உயிர்க்கோழியைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் மாளிகைக்காட்டுக்கு வருவார். அங்கே தெரிந்த ஒருவர் பிஸ்மி சொல்லி அறுத்துக் கொடுப்பார். “போகக்குள்ள சைவக்கோழி, வரக்குள்ள இஸ்லாமானது” என்று குணம் பகிடி விடுவார். அந்தப் பகிடிக்கு ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரிப்பார்கள்.

முந்தி இப்படியில்லை. இந்தக் கரையில் தமிழாக்களும் முஸ்லிம்களும் நல்லது கெட்டதுக்கு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது பச்சைச் சாமான். அரிசி, தேங்காய், பூசணிக்காய், வாழைக்குலை. சமைத்ததைக் கொடுத்தால் உண்பார்களோ மாட்டார்களோ என்ற சங்கடம் அதில் இல்லை. மரியாதைக்கு மரியாதை, தூரத்துக்குத் தூரம். றஹீமாவும் சிவரூபினியும் அட்டாளைச்சேனைக் கலாசாலையில் ஒன்றாகப் படித்த காலத்திலும் இரு வீட்டுக்கும் இடையில் போய்வந்தது பச்சைச் சாமான்தான். சுனாமியாகக் கடல் வந்த வருசம் அந்த வழக்கம் அறுந்தது. இரண்டு குடும்பமும் ஒரே பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்தார்கள். தம்பியைக் கடலுக்குக் கொடுத்த றஹீமா யாருக்கும் ஊட்டிவிடும் நிலையில் இல்லை. அவளுடைய சின்ன மகள் நதீரா வாயை இறுக்கிக்கொண்டு கிடந்தாள். சிவரூபினி கஞ்சியைக் கையில் எடுத்தால்தான் அந்த வாய் திறந்தது. பிறகு என்ன பச்சைச் சாமான்? சட்டியோடு சோறு போனது, சட்டியோடு கறி வந்தது.

அந்த நதீராவுக்குத்தான் இப்போது கலியாணம். மருதமுனையில் சாரன் நெய்விக்கும் பளீல் ஹாஜியாரின் மகன் சப்ரி மாப்பிள்ளை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, றஹீமா கல்முனையில் ஒரு கூட்டத்தில் வாயைத் திறக்கும் வரைக்கும்.

நல்லிணக்கக் கூட்டமாம். றஹீமா விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கூட்டங்களுக்குப் போகிற ஆளல்ல. ‘பெண் பிரதிநிதி ஒருவர் வேணும்’ என்று வருந்திக் கேட்டதால் போனாள். தமிழாக்களுக்குத் தனிக் கந்தோர், அதாவது தனிப் பிரதேச செயலகம், வேண்டுமா வேண்டாமா, எல்லை எதிலே போவது என்று ஊரே இரண்டாகக் கிழிந்து கிடந்த நேரம். மைக்கைக் கையில் கொடுத்ததும் அவள் மூன்றே மூன்று வசனம் சொன்னாள்.

“தமிழாக்கள் தங்களுக்கெண்டு ஒரு கந்தோர் கேக்கிறதுல ஞாயம் இரிக்கி. நாளைக்கு எங்கட காணியும் கடையும் என்னாகும் எண்டு எங்கட ஆக்கள் பயப்படுறதுலயும் ஞாயம் இரிக்கி. இந்த ரெண்டு பயத்தையும் அடுப்பா மூட்டித்தான் மத்தவன் சோறு காய்ச்சிறான்.”

முதல் வசனத்தை வெட்டி எடுத்து இந்தப் பக்கத்தார் ‘கந்தோரைக் காட்டிக் கொடுத்த டீச்சர்’ என்று போனில் பரப்பினார்கள். இரண்டாம் வசனத்தை வெட்டி எடுத்து அந்தப் பக்கத்தார் ‘நடுநிலை முகமூடி கிழிந்தது’ என்று பரப்பினார்கள். மூன்றாம் வசனத்தை ஒருவரும் எடுக்கவில்லை. அது அனாதையாக அந்த மண்டபத்திலேயே கிடந்திருக்க வேண்டும்.

யாரும் அவளை முகத்துக்கு முன்னால் ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பாள். ஆசிரியர் அறைக்குள் அவள் நுழைந்ததும் கதை அரிசி விலைக்குத் தாவும். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் முருங்கைக்காய் நீட்டுவதை நிறுத்தினாள். மசூரின் சாரன் கடைக்கு முஸ்லிம்களும் வருவது குறைந்தது, தமிழாக்களும் வருவது குறைந்தது. அந்த விசயத்தில் மட்டும் இரண்டு சமூகமும் ஒற்றுமையாக நடந்துகொண்டது. கூடப் படிப்பிக்கும் ஒருத்தி, ‘டீச்சர், நீங்க சொன்னது நூறு வீதம் சரி’ என்று போனுக்கு எழுதினாள். றஹீமா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பதில் எழுதப் பார்த்தபோது, அந்தச் செய்தி அழிக்கப்பட்டிருந்தது.

முதலில் றஹீமாவுக்கு நெஞ்சு எரிந்தது. பிறகு எரிச்சலும் அடங்கி, பல்லுக் கழட்ட ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறது தெரியும், தொட்டால் தெரியாது. அப்படியே கலியாண வேலைகளைப் பார்த்தாள்.

கச்சான் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் பளீல் ஹாஜியார் வந்தார். வட்டிலாப்பத்தை ருசித்துச் சாப்பிட்டார். நூல் விலை கதைத்தார், சிறுபோக வெட்டு கதைத்தார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் விசயத்துக்கு வந்தார்.

“நான் ஒன்டு சொல்லப் போறன். டீச்சர் குறையா நினைக்கப்படா.”

“சொல்லுங்க ஹாஜியார்.”

“நீங்க பேசினது சரியா பிழையா என்டு நான் கதைக்க வரல்ல. அது படிச்சாக்கள்ற விசயம். மன்னிப்புக் கேளுங்க என்டும் சொல்ல வரல்ல. அப்பிடிச் சொன்னவனுகள நான் ஏசித்தான் அனுப்பினன்.”

“பெரிய உபகாரம்” என்றாள் றஹீமா. மசூர் அவளைப் பார்த்தார்.

“ஆனா ஊர் என்டு ஒன்டு இரிக்கிதானே. அந்தக் காரைதீவாக்களுக்கும் கலியாணத்துக்குச் சொல்லியிரிக்கீங்களாம்.”

“ஓம். முதல் சொன்னதே அவங்களுக்குத்தான்.”

“தங்கமான ஆக்கள். நான் இல்லண்டு சொல்லல்ல. இப்ப இரிக்கிற நிலமையில அவங்க வந்து பந்தலுக்குள்ள இருந்தா, ஆராச்சும் ஒருத்தன் போன்ல எடுப்பான். டீச்சர்ற வீட்டுக் கலியாணத்துல ஆர் ஆர் இரிக்கா, பாருங்க என்டு போடுவான். பொறகு பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காமார் வரமாட்டாங்க. மரைக்காமார் வராட்டி அவங்கட அவங்கட குடிச் சனமும் வராது. வெறும் பந்தலுக்குள்ள வச்சா என்ட புள்ளைக்கு நிக்காஹ் முடிச்சிக் காவின் எழுதுற?”

“காவினுக்கு ரெண்டு சாட்சி போதும் ஹாஜியார்.”

“மார்க்கத்துக்குப் போதும். ஊருக்குப் போதாதே.” அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டார். “சப்ரிட உம்மா சொல்றா, இந்தச் சூடு ஆறுமட்டும் கொஞ்சம் பிந்திப் போடுவம் என்டு. நான்தான் இரி, டீச்சரோட கதைச்சிட்டு வாறன் என்டு வந்தன்.”

பிந்திப்போடுவது என்றால் என்ன என்று இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிந்திப்போட்ட கலியாணம் பிறகு நடந்ததாகக் கேள்விப்படுவது அரிது. நதீராவுக்கென்று மேல்மாடி கட்டி, வர்ணம் பூசி, கட்டில் அலுமாரி எல்லாம் போட்டாயிற்று. ஹாஜியார் அந்தப் புது மாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் படலையைத் திறந்து போனார்.

அவர் போன பிறகு றஹீமா தட்டையும் கோப்பையையும் எடுத்தாள். மசூர்தான் தொடங்கினார்.

“நீ சொன்னதுல பிழை இல்ல றஹீமா. நேரம்தான் பிழை.”

“சரியான நேரம் எப்ப வரும்?”

“அது வராது. அதுக்காகத்தான் எல்லாரும் வாய மூடிக்கிட்டு இரிக்கம்.”

மசூர் நல்ல மனுசன். குணத்தோடு ஒரே பாயில் படுத்துக் காட்டு யானைக் கதை கதைத்த மனுசன். இப்போது போர்த்தியிருந்த துவாயின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“அவங்களுக்கு நான் போய்ச் சொல்லட்டா?” என்றார்.

“வேணாம். என்ட வாயால வந்தது, நானே போறன்.”

நதீரா அறைவாசலில் நின்றாள். கை நிறைய மருதாணி போட்டுப் பார்த்த கோலம். “உம்மா, நீங்க சொன்னது சரிதான். நான் எல்லாருக்கிட்டயும் அப்பிடித்தான் சொன்னன்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா என்ட கலியாணத்துல வேணாம் உம்மா. சிவா மாமிக்கு விளங்கும்” என்றாள்.

சிவா மாமிக்கு விளங்கும். அதுதானே வில்லங்கம் என்று நினைத்தாள் றஹீமா. விளங்காத ஆளென்றால் ஏதாவது பொய் சொல்லலாம்.

அடுத்தநாள் வெயில் ஏறிய நேரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனாள். றோட்டோரம் நெடுக நெல் காயப்போட்டிருந்தார்கள். காற்றுக்குப் பதரெல்லாம் பறந்து அவளுடைய ஹபாயாவில் ஒட்டியது. மாளிகைக்காடு முடிந்து காரைதீவு தொடங்குகிற இடத்தில் ஒரு கோடும் கிடையாது. இருந்தாலும் அன்று அவ்விடத்தில் ஸ்கூட்டி தானாகவே வேகம் குறைந்த மாதிரி இருந்தது.

குணம் முற்றத்து நெல்லுக்குக் காவலாகக் கோழி துரத்திக்கொண்டிருந்தார். வேறு நாளென்றால் ‘என்ன டீச்சர், சம்மந்தி கொடுமை தொடங்கிற்றா?’ என்று கேட்டிருப்பார். அன்று “வாங்க டீச்சர், உள்ள இருக்கா” என்றுவிட்டு நெல்லுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிவரூபினி தலை முழுகி ஈரக் கூந்தலோடு நின்றாள். “வாகா. இந்த வெயிலுக்க வந்திருக்காய்” என்று கதிரையை இழுத்துப் போட்டாள். “நீ வாறதெண்டு போன் எடுத்ததும் கோழி வாங்கிற்று வரட்டா எண்டு அவர் கேட்டவர். நீ நிண்டு சாப்பிடுவியோ தெரியாதெண்டு நான்தான் வேணாமெண்டன்.”

“இல்லகா, போகணும். தைக்கக் குடுத்த சட்ட எடுக்கணும்.”

அந்த வீட்டில் றஹீமா சாப்பாட்டு நேரத்தில் வந்து சாப்பிடாமல் போவது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. சிவரூபினி தேத்தண்ணியும் கடைப் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். பிஸ்கட் புதுப் பக்கற்றாக இருந்தது. தட்டில் வட்டமாக அடுக்கியிருந்தாள், விருந்தாளிக்கு அடுக்குகிற மாதிரி.

“சிவா, கலியாணம்...” என்று றஹீமா தொடங்கினாள்.

“அதத்தான்கா நானும் சொல்லணுமெண்டு இருந்தன்.” சிவரூபினி அவசரமாகக் குறுக்கிட்டாள். “எங்களுக்கு அண்டைக்கு வரேலாமப் போயிற்று. திருக்கோயில்ல அவர்ர அக்கா வீட்ட ஒரு அலுவல். தட்டேலா.”

“என்ன அலுவல்?”

கேட்டிருக்கக் கூடாது. வாய் கேட்டுவிட்டது.

“வீடு குடிபூரல்” என்றாள் சிவரூபினி.

அந்தப் புதுமனை புகுவிழாவுக்குப் போன வருசமே இதே சிவரூபினியோடு வானில் போய்ப் பொங்கல் தின்றுவிட்டு வந்தவள் றஹீமா. சொன்ன பிறகுதான் சிவரூபினிக்கும் அது நினைவு வந்திருக்கும். அவள் முகம் கறுத்துப் போயிற்று. தட்டிலிருந்த பிஸ்கட்டைத் தள்ளித் தள்ளி வைத்தாள்.

“நல்ல விசயம்கா” என்றாள் றஹீமா.

சொல்லும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. சொல்ல வந்ததைச் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது. தோள் இறங்கியது, மூச்சு வந்தது. அந்த நிம்மதி முகத்தில் ஏறிவிட்டதென்று அவளுக்கே தெரிந்தது. மறைக்க நேரமில்லை. சிவரூபினி அதைக் கண்டுவிட்டாள். அவள் முகத்திலும் அதே நிம்மதி இருந்ததை றஹீமாவும் கண்டாள். இப்படியொரு நிம்மதி வந்ததற்காக அவள் வெட்கப்பட்டாள். வெட்கமும் அதிக நேரம் நிற்கவில்லை.

“நீ கேக்க முன்னமே சொல்லிரணுமெண்டு நினைச்சன்கா” என்றாள் சிவரூபினி, யன்னலைப் பார்த்துக்கொண்டு. “நீ உன்ட வாயால வராதயெண்டு சொன்னா என்னால தாங்கேலாது. இஞ்ச பொடியனுகள் இவரயும் கேட்டானுகள், அங்க போய்ச் சோறு திண்டுபோட்டு வந்து இஞ்ச கோயில் நிர்வாகத்தில இருக்கிறயா எண்டு. அவர் ஒண்டும் திருப்பிக் கதைக்கல்ல. ரெண்டு நாளா நெல்லோடயே நிக்காரு.”

“ஹாஜியாரும் வந்தாருகா.”

“தெரியும். நீ வந்து இறங்கின இறக்கத்திலயே தெரியும்.”

கையைப் பிடித்து அழுதிருக்கலாம். பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தார்கள். வெளியே குணம் கோழியைச் “சூ, சூ” என்று துரத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் சோறாவது அனுப்புறன்” என்றாள் றஹீமா எழும்பிக்கொண்டு. “ஒங்கட சட்டியிலதான் காய்ச்சுவன்.”

“வேணாம்கா. அண்டைக்கு எனக்கு விரதம்.”

சிவரூபினியின் விரத நாட்கள் எல்லாம் றஹீமாவுக்குத் தன் நோன்பு மாதிரி மனப்பாடம். கலியாண நாளில் ஒரு விரதமும் கிடையாது. அவள் தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள். தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்க மறந்து வீட்டுக்கே வந்துவிட்டாள்.

கலியாணத்தன்று ஊர் கொள்ளாத சனம். காரைதீவாக்கள் வரவில்லை என்ற செய்தி எப்படித்தான் பரவியதோ, வரமாட்டோம் என்று முறுக்கிக்கொண்டு நின்றவர்களெல்லாம் பிள்ளை குட்டியோடு வந்து இறங்கினார்கள். மரைக்காமார் வந்தார்கள். அவர்களின் குடிச் சனம் வந்தது. மதிலுக்கு மேலால் முருங்கைக்காய் நிறுத்தியவள் றஹீமாவைக் கட்டிப்பிடித்து, “டீச்சர்ற மனசு எங்களுக்குத் தெரியாதா” என்றாள். செய்தியை எழுதி அழித்தவளும் வந்து பூப்போட்ட பெட்டி ஒன்றைக் கையில் திணித்தாள். பந்தலில் காவின் எழுதி முடிந்ததும் பெண்கள் குரவையிட்டார்கள். பாய் விரித்து, பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றி ஆறு ஆறு பேராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். றஹீமா எல்லோருக்கும் சிரித்தாள். கன்னம் தன்பாட்டில் சிரித்தது.

சாப்பாடு பாதியில் நிற்கும்போது வாசலில் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. காரைதீவுச் சசிகரனின் வண்டி. அவன் இறங்கி, ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். ஒரு சாக்குப் புது அரிசி, காம்போடு தேங்காய், பெரிய பூசணிக்காய் ஒன்று, பழுக்கத் தொடங்கிய வாழைக்குலை.

“குணம் ஐயா வீட்ட இருந்து” என்றான். “டீச்சர்ட்டக் குடுக்கச் சொன்னவங்க.”

றஹீமா நின்ற இடத்தில் நின்றாள். புது அரிசியின் வாசம் பந்தலுக்குள் வந்தது. அந்த முற்றத்தில் காய்ந்த நெல், குணம் இரண்டு நாளாகக் கோழி துரத்தி வைத்த நெல். சமைக்காத அரிசி. இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் கடல் வந்த வருசத்தோடு முடிந்துபோன பச்சைச் சாமான், திரும்பவும் வந்து வாசலில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

“மாஷா அல்லாஹ்!” என்றார் பளீல் ஹாஜியார். கை கழுவாமலே எழும்பி வந்தார். “பாருங்க, எவ்வளவு பண்பான சனம்! வராட்டியும் முறை தப்பாம அனுப்பியிரிக்காங்க. அந்தக் காலத்துல இப்பிடித்தான். அவங்க அவங்கட இடத்துல, நாங்க எங்கட இடத்துல. ஒரு பிரச்சினையும் இல்ல. இதுதான் ஒற்றுமை.”

மரைக்காமார் தலையாட்டினார்கள். யாரோ ஒருவன் பூசணிக்காயை நடுவில் தூக்கி வைத்துப் படம் எடுத்தான். அது போன் போனாகப் போனது. பின்னேரத்துக்குள் காரைதீவுப் பக்கத்திலிருந்தும் அதற்கு வாழ்த்துக் குவிந்ததாகச் சொன்னார்கள். தன் வாழ்நாளில் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பாராட்டி றஹீமா கண்டது அந்தப் பூசணிக்காயைத்தான்.

றஹீமா மணப்பெண்ணின் அறைக்குள் போனாள். நதீரா தங்கமும் பட்டுமாக இருந்தாள்.

“சிவா மாமிட ஆட்டோச் சத்தமா உம்மா? வந்திட்டாவா?”

“இல்ல மகள். சாமான் அனுப்பியிரிக்கா.”

“என்ன சாமான்?”

“அரிசி, தேங்கா.”

நதீராவுக்கும் விளங்கிவிட்டது. கண் நிறைந்து மை கரையப் பார்த்தது. “அழாத மகள், முகம் கெட்டிரும்” என்று றஹீமா துணியால் ஒற்றிவிட்டாள். தன் கண்ணையும் ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். அது காய்ந்துதான் இருந்தது.

குசினி வாசலில் சமையல்காரச் சீனிமுகம்மது வேர்த்து ஒழுக நின்றார்.

“ராத்தா, ஆக்கள் நினைச்சதுக்கு மேலால வந்திட்டாங்க. இறைச்சி முடிஞ்சி போச்சி. மத்த மாட்டுத் தொடைய வெட்டிப் போட்டிரிக்கன், காய்ச்ச ஏனம் இல்ல. கிடாரமெல்லாம் சோத்தோட கெடக்கு. மேல்தட்டுல துணி மூடி ஒரு பெரிய சட்டி இரிக்கி. சும்மாதானே கெடக்கு, எடுக்கட்டா?”

றஹீமா மேல்தட்டைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைத் தேடினாள். எங்கேயோ இருந்தது, நாக்குக்கு வரவில்லை.

“மாட்டிறைச்சிதானே?” என்று கேட்டாள்.

“ஓம் ராத்தா.”

“எடுங்க.”

அவர் எட்டிச் சட்டியை இறக்கினார். மூடியிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. றஹீமா குனிந்து அதை எடுத்து உதறி நாலாக மடித்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரத்தில் பின்வளவிலிருந்து இறைச்சி வேகிற வாசம் எழும்பி வந்தது. நல்ல வாசமாக இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள்.